ரோபோ வரும் வரைக்கும் நான்

ஜூன் 10

ரோபோப் பெட்டி வந்துவிட்டது. பிரித்தால் உள்ளே அத்தனையும் ஹேர் டிரையர்! நம் ரோபோக்கள் ஏதோ ஓர் அழகு நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும். அங்கே என்ன முழி முழிக்கிறார்களோ.

தலைமை ஆசிரியை அசரவில்லை. "பெத்தவங்ககிட்ட ரோபோ வகுப்பு ஆரம்பம்னு சொல்லியாச்சு. ரோபோ வர்ற வரைக்கும் நீங்களே ரோபோவா இருந்துடுங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் கையெழுத்துப் பயிற்சி டீச்சர். அந்தப் பாடத்தையே நீக்கிவிட்டதால்தான் அவசரப் பயிற்சி கொடுத்து என்னை இதில் போட்டார்கள். இதுவும் போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஜூன் 12

நான்காம் வகுப்பு. கரும்பலகையில் பிள்ளைகள் கட்டளை எழுத வேண்டும், எழுதியதை எழுதியபடியே நான் செய்ய வேண்டும். முதல் கட்டளை: "முன்னால் நட." நடந்தேன். நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. சுவரில் மூக்கு இடித்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வகுப்பு என்னைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை.

எதற்கும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய சிறுமி மட்டும் சிரிக்காமல் எழுந்தாள். "தப்பு டீச்சர் மேல இல்ல. நாம சரியா எழுதல." ஓடிப் போய் "சுவர் வந்தால் நில்" என்று சேர்த்தாள்.

அட, புரிந்துவிட்டதே!

ஜூன் 19

"மணி அடிக்கும் வரை சுற்று" என்று எழுதினார்கள். மின்சாரம் போய்விட்டது. மணி அடிக்கவில்லை. சுற்றினேன், சுற்றினேன். நின்றுவிடலாம்தான். நின்றால் இவர்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்ததாக ஆகும்? தலை கிறுகிறுத்து அலமாரியில் சாய்ந்த பிறகுதான் வக்கீல், "அல்லது டீச்சர் விழும் வரை" என்று திருத்தினாள்.

ஜூன் 20

வீட்டுக்காரர், "அந்த விளக்கை அணை" என்றார். எந்த விளக்கு என்று கேட்டேன். சண்டை.

ஜூலை 3

கல்வித் துறை அதிகாரி அடுத்த வாரம் ரோபோவைப் பார்க்க வருகிறாராம். திருப்தி இல்லையென்றால் வகுப்பை மூடிவிடுவார்களாம். தலைமை ஆசிரியை என் உடம்பில் சுற்ற வெள்ளித்தாள் வாங்கி வந்திருக்கிறார். ஏமாத்துறதா? அதுவும் பிள்ளைங்க முன்னாடியா? முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொன்னேனா? இல்ல. வாயில என்ன வச்சிருந்தேன்?

ஜூலை 9

அதிகாரி இன்று வந்தார்.

உடம்பெல்லாம் வெள்ளித்தாள், தலையில் அட்டைப்பெட்டி. மூச்சு விட்டால்கூடச் சரசரக்கிறது. அதிகாரி என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எங்க செஞ்சது?"

"உள்ளூர்த் தயாரிப்புதான் சார்" என்றார் தலைமை ஆசிரியை. அது பொய்யில்லை.

அதிகாரி தானே சுண்ணாம்புக்கட்டி எடுத்து ஒரு நிரல் எழுதினார். அதன்படி நடந்து, திரும்பி, தலைமை ஆசிரியையின் காலை நன்றாக மிதித்தேன். அதிகாரி அழித்து மறுபடி எழுதினார். மறுபடியும் அதே கால். பிள்ளைகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. பெட்டியே அதிர்ந்தது.

"தும்முறதுக்கு யாரு கட்டளை எழுதினது?"

வக்கீல் கை தூக்கினாள். "நான்தான் சார்." பின்னால் இன்னொரு கை. இன்னொன்று. எல்லாக் கைகளும்.

அதற்கு மேல் தாங்கவில்லை. எனக்காகப் பொய் சொல்லுதுங்களே! பெட்டியைக் கழற்றினேன். "நான் டீச்சர் சார். ரோபோ இன்னும் வரல. என்ன வேணா எழுதிக்குங்க."

"அது வாசல்லயே தெரியும்மா. அறுந்த செருப்புக்கு ஊக்கு குத்தின ரோபோவ நான் எங்கயும் பாத்ததில்ல." அவர் கண் மட்டும் கரும்பலகையை விட்டு நகரவில்லை. "அது கிடக்கட்டும். ரெண்டு தடவையும் ஏன் அவங்க காலயே மிதிச்சீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

"திரும்புன்னுதான் எழுதினீங்க, எந்தப் பக்கம்னு எழுதல" என்றாள் வக்கீல்.

அவர் கார் மாலை வரை வாசலில் நின்றது.

ஜூலை 15

தலைமை ஆசிரியை நொண்டுகிறார். என்னிடம் பேசுவதில்லை.

ஜூலை 24

நிஜ ரோபோக்கள் வந்துவிட்டன. உள்ளங்கை அகலம்தான். பிள்ளைகள் ஒரே வகுப்பில் அவற்றைத் தடுப்புகளுக்கு நடுவே ஓட்டிவிட்டார்கள். சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. பெருமையாகவும் இருந்தது, வெறுமையாகவும் இருந்தது.

"இதுவும் சொன்னத மட்டும்தான் செய்யுது டீச்சர்" என்றாள் வக்கீல்.

"ரோபோன்னா அப்படித்தானே?"

"நீங்களும் அப்படித்தான் செஞ்சீங்க. ஆனா தப்பா எழுதினா உங்க முகத்துல தெரியும். இதுக்கு முகமே இல்ல."

ஆகஸ்ட் 7

வகுப்பு தொடரலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் நடக்கும் இந்த வகுப்பில் தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 28

அதிகாரி கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து தேர்வு எழுதினாரே, அந்தத் தாளைப் போன வாரம் திருத்திக் கொடுத்தேன். பத்துக்கு நாலு. எல்லாரையும் போல அவரும் பெற்றோர் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்று வக்கீல் அடம்பிடித்தாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று கொண்டுவந்தார். தலை குனிந்தபடி நீட்டினார். கையெழுத்து அழகாக இருந்தது.

திங்கட்கிழமை அவருடைய அம்மா என்னைப் பார்க்க வருகிறாராம்.