ஏழு பேரும் ஒருவரே

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். தண்ணீர் பம்புகளை இயக்குவதற்கென்றே ஒரு கணினி மொழி படிக்கிறேன் அல்லவா? அதில் சந்தேகம் வந்தால் இணையத்தில் அதற்கென உள்ள பக்கத்தில் கேட்போம். ஏழு நிபுணர்கள் பதில் எழுதுவார்கள். போன வாரம் அந்த மொழியைச் சொல்லித்தரும் எங்கள் சார் ஆறு நாள் காய்ச்சலில் படுத்தார். ஆறு நாளும் அந்த ஏழு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சார் திரும்பிய அன்றே ஏழு பேரும் எழுதிவிட்டார்கள்.

சாரைத் தனியாகப் பார்த்து, "ஏழு பேருக்கும் ஒண்ணாவா சார் காய்ச்சல் வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஏழு பேர்லயும் நான்தான் எழுதறேன். இந்த மொழி தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தாம்மா மிச்சம். எல்லா ஊர்லயும் பம்புகளை வேற மொழிக்கு மாத்திட்டாங்க. இது தெரிஞ்சா வகுப்பை மூடிடுவாங்க. வெளிய சொல்லிடாதே" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. இதை மட்டும் படித்துவிட்டு யாரிடம் போய் வேலை கேட்பேன்?

தடித்த காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். தம்பி கிறுக்கிய பழைய நோட்டு இருந்தால் அதையும் அனுப்புங்கள், மீதிப் பக்கங்களில் எழுதிக்கொள்வேன்.

இன்னும் மூன்று வருடம் இதே வகுப்பில் தொடரச் சம்மதம் கேட்டுப் படிவம் வரும். கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று கேட்டால், எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லிவிடுங்கள். சாரைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

வார்டன் வருகிறார்.

உங்கள் மகள்