கோட்டில் இறுக்கம் இல்லை

அன்புள்ள குருவிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அது என் கையில் வரவில்லை. நீ அனுப்பிய பார்சல் காலையில் வந்தது. அதைப் பிரித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மெஷினில் உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், கடை வாசலில் போய் நிற்கிறேன், திரும்ப வருகிறேன். காஜா எடுக்கும் அம்மா, "என்னம்மா, கால்ல சக்கரம் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

உனக்குப் போன் செய்தேன். டிக்கெட் கவுன்ட்டரில் கூட்டம், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அப்புறம் பேசினாலும் அத்தானைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. கூரியர்காரர் நாலு மணிக்கு வருகிறார், நாளைக் காலையில் இது உன் கையில் இருக்கும்.

கோட்டோடு நீ வைத்திருந்த சீட்டு என் முன்னால் கிடக்கிறது. போன மாதம் தைத்த யூனிஃபார்ம் கோட்டு மார்பில் பிடிக்கிறது, இடது கைக்குழியிலும் இறுக்குகிறது என்கிறாய். ஸ்டேஷன் மேம்பாலத்தில் படியேறும்போது மூச்சு முட்டுகிறது, கவுன்ட்டரில் போய் உட்கார்ந்ததும் சரியாகிவிடுகிறது, கொஞ்சம் பிரித்து விட்டு அனுப்பு என்கிறாய்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷமாக டேப்பைக் கழுத்தில் போட்டிருக்கிறேன், அளவு தப்பு என்று ஒருவரும் துணியைத் திருப்பி அனுப்பியதில்லை. கூடப் பிறந்தவளே அனுப்பிவிட்டாளே என்று ரோஷத்தோடு அளவு நோட்டை எடுத்தேன். மார்பு, தோள், கைக்குழி எல்லாவற்றையும் மூன்று தடவை அளந்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கடைசியில் நானே போட்டுப் பார்த்தேன். நான் உன்னைவிட ஒரு சுற்றுப் பெரியவள் என்று கேலி செய்வாயே, அந்த எனக்கே பொத்தான் போட வந்தது. நீ உடம்பு போட்டிருப்பாயோ என்றால் அதுவும் இல்லை. போன வாரம் அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டித்தான் இருக்கிறது.

அப்புறம்தான் சீட்டை இன்னொரு தடவை படித்தேன். படித்ததும் டேப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். இறுக்கமான உடுப்பு உட்கார்ந்தால்தான் பிடிக்கும், எழுந்தால் விடும். உனக்குத் தலைகீழாக நடக்கிறது. படியேறினால் இறுக்கி, உட்கார்ந்தால் விடுகிற கோட்டை நான் தைத்ததில்லை. எந்த டெய்லராலும் தைக்க முடியாது.

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாய். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன், திட்டாதே. இரண்டு மாதத்துக்கு முன் இடுப்புப் பிடிப்பு என்று கடையைப் பத்து நாள் பூட்டினேன் அல்லவா? அது இடுப்பு இல்லை. துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போதெல்லாம் மார்பில் இறுக்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் சட்டையைப் பிரித்து விட்டுக்கொண்டேன்! ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. உள்ளே விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்து, பக்கவாட்டில் ஒட்டுக்கூடப் போட்டேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது, இறுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. தாடை வலித்தது, பல் என்று நினைத்தேன். சும்மா நின்றாலே அசதி, வயசு என்று நினைத்தேன். உன் அத்தான் வாய்வு என்றார், வெந்நீர் போட்டுக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

தெருமுனை ஆஸ்பத்திரி நர்ஸம்மா பாவாடைக்கு நாடா மாற்ற வந்திருந்தார். நான் அயர்ன் பெட்டியை வைத்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேர்த்து ஊற்றியது. அவர் என் சட்டையையும் அதிலிருந்த ஒட்டையும் பார்த்தார். எத்தனை தடவை பிரித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அக்கா, துணி இறுக்கல. வாங்க என்கூட" என்றார். கடையைக்கூடப் பூட்டவிடவில்லை. ரத்தக்குழாயில் அடைப்பு, இன்னும் ஒரு வாரம் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தால் கதையே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். உள்ளே சின்னதாக ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன், மாத்திரை தவறுவதில்லை. உன்னிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். அது பெரிய தப்பு. அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் கோட்டை நீ எனக்கு அனுப்பியிருக்க மாட்டாய். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

ஒன்று கேட்கிறேன். போன வருஷம் மாப்பிள்ளைக்கு நெஞ்சு எரிந்தபோது ஒரே நாளில் மூன்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாய். கடைசியில் அது வெறும் அஜீரணம். அவருக்கு வலித்தால் டாக்டர், உனக்கு வலித்தால் டெய்லரா?

மாப்பிள்ளைக்கும் போன் செய்துவிட்டேன். நாளைக்கு லீவு போட்டு உன்னை இதய டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன், மேம்பாலத்துப் பக்கமே உன்னை விடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். கோள்மூட்டி என்று என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இறுக்கினாலோ, வேர்த்தாலோ, குமட்டினாலோ நாளை என்று காத்திருக்காதே. அந்த நிமிஷமே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று பார்க்காதே.

டாக்டரிடம் அசதி, வீட்டு வேலை என்று சுற்றி வளைக்காதே. படியேறினால் மார்பு இறுக்குகிறது, உட்கார்ந்தால் விடுகிறது, அக்காவுக்கு அடைப்பு இருந்தது என்று நேராகச் சொல். இந்த வயசில் பெண்களுக்கு வருவதுதான், மனக்கவலை என்று அனுப்பப் பார்த்தால், எழுந்திருக்காதே. இசிஜி சரியாக இருந்தாலும் மேற்கொண்டு என்ன பார்க்க வேண்டும் என்று கேள். என் ரிப்போர்ட்டின் நகலைக் கோட்டு உள்பையில் வைத்திருக்கிறேன். அவர் மேஜையில் வை.

கூரியர்காரரின் வண்டிச் சத்தம் கேட்கிறது. கோட்டை அப்படியேதான் அனுப்புகிறேன், ஒரு தையலும் பிரிக்கவில்லை. உனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை எனக்கு அனுப்பு. அன்றைக்கே துணி எடுத்துப் புதுக் கோட்டு வெட்டுகிறேன். அக்காவுக்கு அளவெடுக்கத் தெரியவில்லை என்று உன் ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிச் சிரி. முப்பது வருஷத்தில் இந்த ஒரு தடவை என் அளவு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், குருவி. நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

உன் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்,
அக்கா