மூன்றாம் மாடி அக்காவுக்கு

அக்கா,

நேற்று மதியம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டு எழுந்தோம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்திலிருந்து மகள் ஒரு கரண்டி சர்க்கரைச் சோம்பை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினாள். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. வாயில் போட்டதும் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

நாம் இருந்த நெதர்லாந்தில் குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, ரஸ்க்கில் வெண்ணெய் தடவி அதன்மேல் இதே மாதிரி ஒன்றைத் தூவிக் கொடுப்பார்கள். பெண் குழந்தை என்றால் இளஞ்சிவப்பு. எங்களைக் கவனிக்க வீட்டுக்கு வந்துபோன நர்ஸ் அம்மாள் ஒரு தட்டை உங்கள் கையிலும் வைத்தார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து, "ஏனுங்க அம்மிணி, இந்த ஊர்ல சோறே போடாம நேரா சோம்பக் குடுத்துப்போடறாங்களே?" என்றீர்கள். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். பிரசவத்துக்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

அந்தக் கட்டடத்தில் நாங்கள் இரண்டாம் மாடி, நீங்கள் மூன்றாம் மாடி. குடிவந்த வாரமே, படிக்கட்டில் யாரோ போனில் "ஊட்டுக்கு வந்துட்டு மறுபடி கூப்படறனுங்க" என்று பேசுவது கேட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தேன். நீங்கள் திருச்செங்கோடு, நான் ஜேடர்பாளையம். ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் தெரியாமலே போயிருப்போம். அங்கே முதல் நாளே உங்கள் வீட்டில் ரசம் சாப்பிட்டேன். உங்கள் கணவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். வந்து பதினோரு வருடம் ஆகிறது என்றீர்கள். நான் கேட்பதற்கு முன்பே நீங்களே சொன்னீர்கள்: "எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க அம்மிணி. பாத்தாச்சு, விட்டாச்சு."

என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்ததால் பிரசவத்துக்கு அம்மா வர முடியவில்லை. எட்டு நாளில் நர்ஸ் அம்மாள் விடைபெற்றார். இவருக்கும் விடுப்பு முடிந்தது. நவம்பர் மாதம். சாயங்காலம் நாலரைக்கே வெளியில் இருட்டிவிடும். அழுகிற குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நானும் அழுத நாட்களில், கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது நீங்கள் மட்டும்தான். குளியலறையில் நின்று குளிக்கத்தான் இடம் இருந்தது. அதனால் சமையலறைத் தரையில் பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்ப்பீர்கள். "கண்ணத் தொறங்க சாமி. யாரு வந்துருக்கறது? பாருங்க சாமி." பிறந்து ஒரு மாதமான குழந்தைக்கு அவ்வளவு மரியாதை! தள்ளுவண்டியை அந்தச் செங்குத்தான படிகளில் இறக்கும்போது முன்பக்கம் நீங்கள், பின்பக்கம் நான். ஒரு நாள்கூட அது ஒரு இடத்திலும் இடித்ததில்லை.

அவளுக்கு மூன்று மாதம் ஆனபோது எனக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழந்தைகள் காப்பகத்தில் வாரம் இரண்டு நாளுக்குத்தான் இடம் கிடைத்தது. மீதி மூன்று நாள் என்ன செய்வது என்று நானும் இவரும் பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் உள்ளே வந்தீர்கள். "நான் என்னத்துக்கு மேல ஒக்காந்துருக்கறேன்?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த ராகியை ஊறவைத்து, முளைகட்டி, அந்த வெயிலில்லாத ஊரில் ஹீட்டர் மேல் துணி விரித்துக் காயவைத்துக் கூழ் காய்ச்சினீர்கள். அவள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். காப்பகத்தில் அவளைப் பற்றி, சரியாகச் சாப்பிடுவதில்லை, அதிகம் சிரிப்பதில்லை என்று எழுதி அனுப்புவார்கள். உங்கள் வீட்டில் அவள் சிரிப்பது கீழே படிக்கட்டு வரை கேட்கும்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொல்லத் துணியாதது.

வேலை முடிந்து மழையில் சைக்கிள் மிதித்து வந்து, ஈரக் கோட்டோடு மூன்று மாடி ஏறி, கை நீட்டுவேன். அவள் முகத்தைத் திருப்பி உங்கள் தோளில் புதைத்துக்கொள்வாள். உங்கள் முகம் செத்துப்போகும். "அம்மா வந்துட்டாங்க பாருங்க சாமி, போங்க சாமி" என்று கெஞ்சியபடி, உங்கள் சேலையைப் பிடித்திருக்கும் விரல்களை ஒவ்வொன்றாக விடுவிப்பீர்கள். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். படி இறங்கும்போது சிரிப்பு இருக்காது. "கொழந்த சந்தோசமா இருக்குது, உனக்கு என்ன?" என்று ஒருமுறை இவர் கேட்டார். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

முதல் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு, அயோத்தியாப்பட்டணத்திலிருந்து மாமியார் வந்தார். வந்த மூன்றாம் நாளே உங்களைப் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"பெத்து வளக்காதவ கையில பச்சப் புள்ளயக் குடுத்திருக்கியே? ஏக்கத்தோட பாக்கற கண்ணு ஆகாதும்மா."

அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பும் வந்தது. ஆம்புலன்ஸில் போனோம். அந்த வயதில் கடும் காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதை மாமியாருக்குத் தமிழில் சொன்னதும் நான்தான். "டாக்டருக்கு என்ன தெரியும்? நான் சொன்னேன்ல?" என்றார் அவர்.

நான் அதை நம்பவில்லை அக்கா. படித்தவள், வேலைக்குப் போகிறவள், ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. ஆனால் அது எனக்குத் தோதாக இருந்தது. என் வாயால் சொல்ல முடியாததை வேறொருவர் வாய் சொல்லிவிட்டது. "காப்பகத்தில் ஐந்து நாளும் இடம் கிடைத்துவிட்டது, இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம் அக்கா" என்று உங்களுக்குப் போனில் ஒரு பொய்யைத் தட்டி அனுப்பினேன். அந்த மூன்று நாளும் குழந்தையைப் பார்த்துக்கொண்டது மாமியார். நேரில் வந்து சொல்லக்கூட இல்லை. இடையில் ஒரே ஒரு மாடிதான்.

"சரிங்க அம்மிணி. சாமி நல்லா இருந்தாப் போதும்" என்று பதில் வந்தது. கேள்வி ஒன்றும் இல்லை.

பிறந்தநாளுக்கு இவருடைய ஆபீஸ்காரர்களைக் கூப்பிட்டோம். உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வந்தீர்கள், கையில் நீங்களே தைத்த சிவப்புப் பட்டுப்பாவாடையோடு. நான் கதவைப் பாதி திறந்தேன். உங்கள் குரல் கேட்டதும் உள்ளே கூடத்திலிருந்து அவள் தவழ்ந்தும் நடந்துமாக வாசலுக்கு வந்தாள். வந்து சேர்வதற்குள் மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவள் அலறுவது நம் இருவருக்கும் கேட்டது. "உள்ள வாங்கக்கா" என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் பையை என் கையில் வைத்துவிட்டு, "குளுரு உள்ள வருதுங்க அம்மிணி. கதவச் சாத்திக்கோங்க" என்றீர்கள். மெதுவாக மேலே ஏறிப்போனீர்கள்.

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பாவாடையை அவளுக்குப் போட்டுவிட மாமியார் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த கோடையில் வேறு ஊருக்கு வீடு மாற்றினோம். சாமான் ஏற்றும் நாளில் நீங்கள் ஊரில் இல்லை என்று அண்ணன் சொன்னார். நீங்கள் இருந்தீர்கள். உங்கள் செருப்பு வாசலில் கிடந்தது.

பிறகு சேலத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். மகளுக்கு இப்போது ஆறு வயது. போன ஆடியில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. உங்களுக்குப் புற்றுநோய், முற்றிவிட்டது, ஊருக்கே கூட்டிவந்துவிட்டேன் என்றார். சேர்த்திருந்த ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரம். "சாமிய ஒருக்காப் பாக்கோணும்னு கேக்கறாளுங்க" என்றார். வருகிறோம் என்றேன். முதல் வாரம் மகளுக்குச் சளி. இரண்டாம் வாரம் பள்ளியில் ஏதோ விழா. மூன்றாம் வாரம் மாமியார் எங்கள் வீட்டில் இருந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தே அந்த வாரமும் போயிற்று. நான்காம் வாரம் போவதற்கு நீங்கள் இல்லை.

மூன்றாம் நாள் நான் மட்டும் திருச்செங்கோடு வந்தேன். அண்ணன் வாங்க என்றார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கிளம்பும்போது உங்கள் போனை எடுத்துவந்து ஒரு வீடியோவைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

உங்கள் அந்த மூன்றாம் மாடிக் கூடம். ஹீட்டர் மேல் ராகி காய்கிறது. சோபாவைப் பிடித்துக்கொண்டு என் மகள் நிற்கிறாள். கையை விடுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. போனை ஒரு கையில் பிடித்தபடி மறு கையை நீட்டுகிறீர்கள். உங்கள் மடியில் வந்து விழுகிறாள். பிறகு உங்கள் குரல், அழுகையும் சிரிப்புமாக: "சாமி, அம்மாகிட்டப் போயி மறுபடி இப்படி நடந்து காட்டோணும், செரிங்களா? இன்னிக்கி நான் ஒண்ணுமே பாக்கலீங்க சாமி."

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் நடந்தாள். முதல் அடி என்று நாங்கள் கைதட்டினோம். நான் மேலே ஓடிவந்து உங்களிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். "அப்படீங்களா அம்மிணி!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கண் நிறைந்ததைப் பார்த்து, அதிலும் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அம்மா நான்தான் என்று.

"அண்ணா, அதை எனக்கு அனுப்பறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் போனை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபமில்லாத குரலில்தான் சொன்னார். "இல்லீங்க அம்மிணி. இது அவுளுது. உங்களுக்குத்தான் கொழந்தையே இருக்குதுங்களே."

வீட்டுக்கு வந்தபோது, சாவு வீட்டுக்குப் போய்வந்தவள் குளித்துவிட்டு உள்ளே வா என்றார் மாமியார். செத்தது யார் என்று கேட்டார். கூட வேலை பார்த்தவள் என்றேன். குளித்துவிட்டு உள்ளே போனேன்.

அந்த வீடியோவை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன் அக்கா. அடிகள் நான்குதான் என்பது நிச்சயமாக நினைவிருக்கிறது. நீங்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. தினமும் ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அது என் குரலில்தான் கேட்கிறது.