மெழுகுக் கால்

ஹரியானா
22 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் காலை நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தது, அதனால் கம்பி வைத்த இடம் வலிக்கவில்லை. நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஃபாதர் சொன்னதுதான் சரி. ஃபோனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுந்ததா என்று ஆளுக்கொரு மூலையில் பார்த்துக்கொண்டிருப்போம். "ஒரு சீசனுக்கு லெட்டர் எழுதிப் பாருங்க, பேனா பிடிச்சா கோபம் மெதுவாத்தான் நடக்கும்" என்றாரே, பார்ப்போம். என் தமிழைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தாராவி முனிசிபல் பள்ளியில் இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

வழியனுப்ப பாந்திரா டெர்மினஸுக்கு அத்தை வந்தார்கள். பூரியும் தக்காளித் தொக்கும் கட்டிக் கொடுத்தார்கள். நீங்கள் செம்பூரில் லிஃப்ட் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூர் முழுக்க லிஃப்ட் நின்றுவிட்டதா?

இங்கே சுஷ்மாதான் இப்போது தலைமைப் பயிற்சியாளர். நான்கு வருடம் விமானத்திலிருந்து குதிக்காதவள் புதிதாக வந்தவள்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். என் பழைய சிறிய பாராசூட்டைத் தொடவே விடவில்லை. பெரியது கொடுத்திருக்கிறாள், மெதுவாக இறங்கும். உத்தரத்தில் வாரில் தொங்கவிட்டு ஒரே பாடத்தை ஓயாமல் செய்ய வைக்கிறாள். பாராசூட் சிக்கிக்கொண்டால் சிவப்புப் பிடியை இழுத்து அதைக் கழற்றிவிட வேண்டும், வெள்ளிப் பிடியை இழுத்து மாற்றுப் பாராசூட்டைத் திறக்க வேண்டும். தூக்கத்திலும் என் கை அங்கேயே போகிறது. தரைக்குக் கிட்டே வந்தபின் எது குறுக்கே வந்தாலும் திரும்பக் கூடாது, நேராகப் போய் விழு என்கிறாள். அன்று மாடு குறுக்கே வந்ததென்று நான் தாழ்வாகத் திரும்பிக் காலை முறித்துக்கொண்டேனே, அதைத்தான் சொல்கிறாள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். முதுகில் இருக்கிற பையை நாமே பார்த்துக்கொள்ள முடியாது. இன்னொருவர்தான் மூடியைத் திறந்து, பையைப் பூட்டும் ஊசி நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் கேட்காமல் தொடக் கூடாது, எவ்வளவு பெரிய ஆளானாலும். "பார்க்கலாமா?" என்று கேட்பார்கள், நாம் திரும்பி நிற்போம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ஜோசி

*

சேசு மரி சூசை துணை

தாராவி
4 நவம்பர் 2024

அன்புள்ள ஜோசி,

சூடுபட்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். நீ பூனையையும் மிஞ்சிவிட்டாய். செப்டம்பரில்தான் பாந்திரா மலை மாதாவுக்கு மெழுகுக் கால் வைத்துவிட்டு வந்தோம். அந்த மெழுகு உருகி முடிவதற்குள் பெட்டி கட்டினாய். வடாலா கூரியர் ஆபீஸில் உனக்கு என்ன குறை? நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான் என்ன குறை வைத்தேன் என்று அம்மாவிடம் கேட்டேன். "என்னட்டக் கேட்டா? ஒம் பொண்டாட்டிட்டக் கேளு" என்றாள்.

வீட்டுக் கதவில் சர்வேக்காரர்கள் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். வீட்டை இடித்துவிட்டு நம்மை எங்கே தூக்கிப் போடுவார்களோ தெரியவில்லை. வேறு செய்தி இல்லை.

எனக்குச் சில விவரம் வேண்டும். லிஃப்டில் வேகம் மீறினால் தானாகக் கவ்விக்கொள்ளும் பிரேக் ஒன்று உண்டு. உன் பையில் அப்படி ஏதாவது இருக்கிறதா? மாற்றுப் பாராசூட்டை மடித்தது யார்? அவன் குடிப்பானா? எழுது.

உன் உயரத்துக்கு நீ மாட்டிய கண்ணாடியில் எனக்குக் கழுத்துதான் தெரிகிறது. குனிந்துதான் சவரம் செய்கிறேன். மாற்றவில்லை.

உன்
ஸ்டெர்லின்

*

ஹரியானா
24 நவம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் உங்கள் கேள்விகள். பிரேக் இருக்கிறது. நான் மயங்கிக் கிடந்தாலும் குறிப்பிட்ட உயரம் வந்ததும் ஒரு சின்னக் கருவி தானாகவே மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும். அதை மடித்தவர் பெயர் கலீலுல்லா. ஐந்து வேளை தொழுகிறவர், டீ தவிர எதையும் தொட மாட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மறுபடி மடிக்கிறார். திருப்தியா?

குதித்துவிட்டேன். கோபப்படுவதற்கு முன் முழுதாகப் படியுங்கள்.

முதல் நாள் குதிக்கவில்லை. கதவு வரைக்கும் போனேன். காற்று முகத்தில் அடித்ததும் அந்த மாடு, தரை, கால் முறிந்த சத்தம் எல்லாம் வரிசையாக வந்தது. சுஷ்மாவைப் பார்த்துத் தலையசைத்தேன், கதவை மூடினாள். விமானத்திலேயே கீழே வந்தேன். யாரும் சிரிக்கவில்லை, அத்தான். பைலட் டீ வாங்கிக் கொடுத்தார். விமானத்தோடு இறங்கி வரத் தெரிந்தவள்தான் நீண்ட நாள் குதிப்பாள் என்று சுஷ்மா சொன்னாள். மனதில் பயத்தையோ வேறு எதையுமோ வைத்துக்கொண்டு கதவைத் தாண்டுகிறவள்தான் அடிபடுவாளாம்.

மறுநாள் போகும்போது, "சாஸ் சோடோ, ஜோசி" என்றாள். மூச்சை வெளியே விடு, உள்ளே இழுப்பதை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம். விட்டேன். பிடிகளைத் தொட்டு வாய்விட்டுச் சொன்னேன். சிவப்பு, வெள்ளி, உயரம், காற்று. குதித்தேன். பாராசூட் விரிந்ததும் ஒரே அமைதி. கீழே கடுகு வயல். நேராக வந்தேன், திரும்பவில்லை, இரண்டு காலிலும் நின்றேன். கம்பி வைத்த காலும் நின்றது.

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். கால் எப்போதோ நேராகிவிட்டது. நான்தான் நேராகாமல் கூரியர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். அதை உங்களிடம் எத்தனை முறை சொல்ல வந்து திரும்பிப் போயிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் கழித்து ஒருநாள் வந்து பாருங்களேன். பக்கத்தில் நின்றால் போதும்.

உங்கள்
ஜோசி

*

ஹரியானா
9 டிசம்பர் 2024

அத்தான்,

உங்கள் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன்.

நேற்று அத்தை ஃபோன் செய்தார்கள். எடுத்ததுமே அழுகை. "ஏட்டி ஜோசி, மறுபடியும் குதிச்சிட்டியாமே. மாதாவுக்கு நேந்தத இப்படி ஒடைக்கலாமாட்டி? பட்ட கால்லயே படும்னு சொல்லுவாவளே" என்றார்கள். எந்த நேர்ச்சை என்று கேட்டேன். அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது, எனக்குத் தெரியாதென்று.

காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நீங்கள் மாதா மலைக்குப் போனீர்கள். கால் பிழைத்தால் ஜோசி இனிமேல் குதிக்க மாட்டாள் என்று நேர்ந்துகொண்டீர்கள். சரிதானே? நீங்கள் குதிக்க மாட்டீர்கள் என்று இல்லை. நான்!

ஒவ்வொரு செப்டம்பரும் நன்றிக்கு வைக்கிறோம் என்று நினைத்து அந்த மெழுகுக் காலை நானே என் கையால் தூக்கிக்கொண்டு படியேறினேன். இந்த வருடம் கூட்டத்தில் விரல் உடைந்துவிடக் கூடாதென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். நீங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஜோஸ்பின்

*

சேசு மரி சூசை துணை

தாராவி
23 டிசம்பர் 2024

அன்புள்ள ஜோசி,

அம்மாவைத் திட்டாதே. அவளுக்கு வாயில் எதுவும் தங்காது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன்னை மும்பைக்குக் கொண்டுவந்த அன்று உன் கால் கறுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடாமல் பஸ் பிடித்து பாந்திராவுக்குப் போனேன். மாதா முன்னால் நின்றால், கொடுப்பதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றுமே இல்லை. குடி இல்லை, பீடி இல்லை. மீன் ஒன்றுதான். உன் காலுக்குப் பதிலாக மீனை விடுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நம் வீட்டிலேயே பெரிய ஆசை எது என்று யோசித்தேன். உன் ஆகாயம்தான். அதைக் கொடுத்தேன். அது என்னுடையது இல்லை என்று அப்போது தோன்றவில்லை. கால் பிழைத்தது. மறுபடி அந்த நிலை வந்தால் அதையேதான் செய்வேன்.

ஃபாதரிடம் போனேன். "அடுத்தவங்க பேர்ல நேர்ந்தது செல்லாது ஸ்டெர்லின், மாதா என்ன வட்டிக்காரியா?" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். மனம் கேட்கவில்லை. கொடுத்ததை நாம் திரும்ப எடுத்தால் அவளும் எடுத்துக்கொள்வாள் என்றுதான் அது சொல்கிறது.

போன வாரம் செம்பூரில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கயிறு பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் நீ கதவருகே நிற்பாய் என்று ஒரு நினைப்பு வந்தது. கை நடுங்கி ஸ்பானர் குழிக்குள் விழுந்தது. அது விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கூட வேலை பார்க்கிற வாசிம் என் முகத்தைப் பார்த்தான். "ஸ்டெர்லின் பாய், நீச்சே பைட்டோ", கீழே உட்கார் என்று இறக்கிவிட்டான். இப்போது கீழே உட்கார்ந்து கம்ப்ளெயின்ட் எழுதிக்கொள்கிற வேலைதான். இத்தனை வருடத்தில் எனக்கு உயரத்தில் கை நடுங்கியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டவில்லை. அம்மா கல்கல் பலகாரம் மட்டும் போட்டாள்.

உன்
ஸ்டெர்லின்

*

ஹரியானா
19 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கோபம் போகவில்லை. ஆனால் மீனைப் படித்ததும் சிரித்துவிட்டேன், அப்புறம் நிறைய அழுதேன்.

உங்கள் கடிதம் வந்தபின் நான் குதிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மேலே போகிறேன். சிவப்பு, வெள்ளி, உயரம், காற்று என்று சொல்லி முடித்ததும் உங்கள் ஸ்பானர் விழுகிற சத்தம் கேட்கிறது. விமானத்திலேயே இறங்கி வருகிறேன். சுஷ்மா கூப்பிட்டுக் கேட்டாள், எல்லாம் சொன்னேன். அது தீரும்வரை உன்னை ஏற்ற மாட்டேன் என்றாள். அவள் சொல்வது நியாயம்தான்.

நான் யோசித்துப் பார்த்தேன். உங்கள் பயத்தை நான் சுமக்கிறேன், என் காலை நீங்கள் சுமக்கிறீர்கள். இப்படியே போனால் நாம் இருவருமே தரையில்தான் உட்கார்ந்திருப்போம்.

ஒன்று கேட்கிறேன். மார்ச் கடைசியில் சீசன் முடிகிறது. அதற்குள் இங்கே வாருங்கள். எல்லாரும் செய்கிற மாதிரி என் பின்னால் வந்து நின்று, "பார்க்கலாமா ஜோசி?" என்று கேளுங்கள். நான் திரும்பி நிற்கிறேன். மூடியைத் திறந்து உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். கயிறும் பிரேக்கும் பார்த்த கை, உங்களுக்கே புரியும். பிறகு அந்த நேர்ச்சையையும் அப்படியே என்னிடம் கேளுங்கள். வைத்துக்கொள்ளட்டுமா, விட்டுவிடட்டுமா என்று. என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. குதிப்பதை விட்டுவிடுகிறேன், வீட்டுக்குப் போவோம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதை நான் சொல்ல வேண்டும்.

அதுவரை நீங்களாக எதையும் முடிவு செய்ய வேண்டாம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

உங்கள்
ஜோசி

*

சேசு மரி சூசை துணை

தாராவி
17 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜோசி,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மனதில் வேறு எதையாவது வைத்துக்கொண்டு கதவைத் தாண்டுகிறவள்தான் அடிபடுவாள் என்று நீயே எழுதியிருந்தாய். இப்போது உன் மனதில் இருப்பது நான். அப்படியென்றால் ஒருநாள் உன்னைக் கீழே தள்ளப் போவதும் நான்தான். அந்த நினைப்போடு அங்கே வந்து உன் முதுகில் எப்படிக் கை வைப்பேன்?

அதனால் நேற்று மாதா மலைக்குப் போனேன். நேர்ச்சையை மாற்றிக்கொண்டேன். "தாயே, அவ ஆகாயத்தத் திருப்பிக் குடுத்துரு. அன்னைக்கு நான் குடுத்தது எனக்குச் சொந்தமில்ல. இப்ப என்னோடத எடுத்துக்கோ" என்றேன். என்னிடம் இருப்பதில் பெரியது நீதான். நீ திரும்பி வர வேண்டும் என்று இனிமேல் கேட்க மாட்டேன், காத்திருக்கவும் மாட்டேன் என்று நேர்ந்துவிட்டு வந்தேன். மெழுகு விற்கிறவள் வழக்கம்போலக் காலை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று மெழுகு வீடு ஒன்று வாங்கினேன். எல்லாரும் வீடு வேண்டும் என்று கேட்டு வைப்பார்கள். நான் நம் வீட்டைக் கொடுத்து வைத்தேன்.

இனிமேல் உனக்கு எந்தச் சத்தமும் கேட்காது. மனதில் எதுவும் இல்லாமல் குதி. மார்ச்சில் நான் வரவில்லை. நீயும் வர வேண்டாம். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கண்ணாடியை உயர்த்தி மாட்டிவிட்டேன். சுவரில் உன் ஆணி இருந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

பிடிகளை மறக்காமல் தொட்டுப் பார்.

ஸ்டெர்லின்

*

ஹரியானா
30 மார்ச் 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் உங்களுக்காக இங்கே ஒரு அறை சொல்லி வைத்தேன். கொசுவலை வேண்டும் என்றும் சொன்னேன், உங்களுக்குக் கொசு ஆகாது என்பதால். சுஷ்மாவிடம், என் வீட்டுக்காரர் வந்து என் பையைப் பார்ப்பார், அதற்குப் பிறகு பாருங்கள் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

படித்துவிட்டு வயல் ஓரமாக நடந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கடுகு அறுத்துவிட்டார்கள்.

நீங்கள் எனக்காக எவ்வளவு பெரியதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. இப்படிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் போன முறை என் ஆகாயத்தைக் கொடுத்தீர்கள், இந்த முறை என் வீட்டைக் கொடுத்துவிட்டீர்கள். அது உங்களுடையது மட்டும் என்று யார் சொன்னது? ஒரு வார்த்தை கேளுங்கள் என்றுதானே எழுதினேன். அதற்குக்கூட நான் உங்களுக்கு ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவ்வளவு வலித்தது. நானே நேர்ந்திருப்பேன், காலம் முழுக்கக் கூரியர் ஆபீஸில் உட்கார்ந்து அதைக் காப்பாற்றியும் இருப்பேன்.

நேற்று சீசனின் கடைசி நாள். சுஷ்மா ஏற்றினாள். பையின் ஊசியைக் கலீலுல்லா பார்த்தார், கேட்டுவிட்டுத்தான் பார்த்தார். மூச்சை வெளியே விட்டேன். குதித்தேன். நீங்கள் சொன்னபடியே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இறங்கி நின்றபின் இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன, ஆனாலும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த சீசனுக்கும் இங்கேயே வேலை சொல்லியிருக்கிறார்கள். இருந்துவிடுகிறேன். என் துணிகளை அத்தை வைத்துக்கொள்ளட்டும். லிஃப்ட் மேல் ஏறும்போது கவனமாக இருங்கள், வாசிம் இல்லாமல் ஏற வேண்டாம்.

மாதாவுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பீர்கள். நான் கேட்கவில்லை.

ஜோஸ்பின்