கன்ரனில் ஆறுதலாக ஒரு கிழமை

1988 மார்ச் 12, சனி

கன்ரனுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. சட்டைக் கையைத் தைத்தபடியே சொன்னேன்.

தையல் பக்டரியில் எனக்குப் பக்கத்து மெஷின் மிஸிஸ் சான். நவம்பரில் அங்கே தன் அக்காவைப் பார்க்கப் போகிறாராம். சீனாவில் இருக்கிற அந்த ஊருக்கு இப்போது குவாங்சோ என்று பெயர். அவர் பழைய பெயரைத்தான் சொல்லுவார். ஆறு, கோயில்கள், காலையில் ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடிக்கும் கடைகள் என்று சொல்லிக்கொண்டே போனவர், நீயும் புருஷனும் வாருங்களேன் என்றார்.

வேலை முடிந்து ஸ்ட்ரீட்காரில் பார்க்டேல் வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான், இவர் வருவாரா என்று நினைத்தேன்.

மார்ச் 13, ஞாயிறு

சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"ஆரைப் பாக்க?"

ஒருவரையும் இல்லை, ஊரைப் பார்க்க என்றேன். மடித்த பேப்பரைத் திரும்பவும் விரித்தார்.

அவரில் பிழையில்லை. நாங்கள் இதுவரை செய்த பயணமெல்லாம் ஓட்டம்தானே. எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு. அடுத்த வருஷம் அங்கிருந்து இங்கே, கனடாவுக்கு. வழியில் விமானம் மாறிய இடத்தில் இவரை மட்டும் ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது சப்பாத்தில் லேஸ் இல்லை. உள்ளே என்ன நடந்ததென்று இன்றுவரை சொன்னதில்லை. தன் சொந்தத் தங்கச்சி வந்து இறங்கியபோதுகூட எயார்போட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்.

ஏப்ரல் 23, சனி

ரிக்கற் போடும் அகஸ்ரினிடம் தனியாகப் போனேன். கதிரையைச் சுழற்றிக்கொண்டு சிரித்தார்.

"கனடாப் பாஸ்போட் கிடைச்ச ஆக்களெல்லாம் மெட்ராசுக்குப் போயினம். நீங்கள் சீனாவுக்கோ அக்கா?"

பத்து நாளில் எட்டு நகரம் காட்டும் பயணமொன்று இருக்கிறதாம். ஏழு நாள், ஒரே கிழமை, ஒரே ஊர் போதும் என்றேன்.

மெட்ராசில் எங்கள் சனம் முழுக்க இருக்கிறது. ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் அழ வேண்டும். போகத்தான் வேண்டும், போவேன். ஆனால் முதலில் எங்களை யாருக்குமே தெரியாத ஓர் ஊருக்குப் போய்ச் சும்மா இருக்க ஆசையாயிருக்கிறது. இது கல்நெஞ்சா? தெரியவில்லை.

மே 15, ஞாயிறு

இவர் திட்டம் போட்டிருக்கிறார்! நான் கேட்கவேயில்லை. கொழும்பில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவர் அல்லவா, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வரைந்திருந்தார். சந்தோஷமாக வாங்கிப் பார்த்தேன்.

ஹோட்டலுக்குப் பின்வாசல் இருக்கிறதா என்று கேட்டு அறியவேண்டும். ஒவ்வொரு நாளும் ஹொங்கொங் திரும்பும் ரயில் எப்போது. காசை எந்தெந்த இடத்தில் பிரித்து ஒளித்து வைப்பது. ஒருவரை ஒருவர் தவறவிட்டால் எங்கே சந்திப்பது, அங்கேயும் ஆபத்தென்றால் எங்கே.

"உதில பாக்கிற இடம் ஒண்டும் இல்லையே," என்றேன்.

தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இப்பிடித்தான் பிளான் போடத் தெரியும், பேபி."

எழும்பிப் போய் அரிசியைக் கழுவினேன்.

மே 16, திங்கள்

புதுத் தாள் எடுத்தோம். ஒரு நாளைக்கு ஒரு இடம்தான், அதற்கு மேல் கிடையாது என்று நான் சட்டம் போட்டேன். செவ்வாய் ஆற்றங்கரை. புதன், ஆறு ஆலமரங்கள் என்று பெயருள்ள புத்த கோயில். வெள்ளி ஒன்றுமில்லை.

"ஒண்டுமில்லையெண்டா?"

"ஒண்டுமில்லைதான்."

தன் அழகான எழுத்தில் எழுதினார்: வெள்ளி – ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

ரிக்கற்றுக்கு முற்பணம் கட்ட வேண்டிய நேரம். காலையில் சப்பாத்துப் போட்டவர் கழற்றிவிட்டார். "நீர் மிஸிஸ் சானோட போட்டு வாரும். என்னால ஏலாது."

ஐந்து மாதமாக மப்பை விரித்துத் தெருத்தெருவாகப் பார்த்தது, புத்தகம் பார்த்தது எல்லாம் என்னத்துக்கு? இவர் இல்லாமல் நான் போய் என்னத்தைப் பாக்கிறது – இல்லை, ஏன் போகக்கூடாது? போவன். போய் எல்லாத்தையும் பாத்திட்டு வருவன்.

போகமாட்டன்.

ஆகஸ்ட் 8

கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது. இருவரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

இவர் பழகட்டும் என்று இன்றைக்கு எயார்போட்டுக்குக் கோப்பி குடிக்கப் போனோம். கோப்பி மட்டும்தான், எந்தக் கவுன்ரருக்கும் கிட்டப் போகமாட்டோம் என்று நேற்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். பஸ்ஸில் இவருடைய கையைப் பிடித்திருந்தேன், ஈரம்.

கண்ணாடிப் பக்கமாக இருந்தோம். இவர் கோப்பியைத் தொடவில்லை. ஒரு சீருடைக்காரர் எங்களிடம் வந்து, யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். இவர் எழுந்து நின்றுவிட்டார். நானே பதில் சொல்ல வாய் திறந்தேன்.

இவர் சொன்னார், இங்கிலிஷில், மெதுவாக: இல்லை, நவம்பரில் நாங்கள் பயணம் போகிறோம், இடம் பார்க்க வந்தோம்.

நல்லபடி போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் நடந்தார். அவ்வளவுதான் நடந்தது. இவர் இருந்து, ஆறிய கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு இன்னொன்று வாங்கி வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 22

முற்பணம் கட்டியாயிற்று. இரண்டு பேருக்கும்.

நவம்பர் 14, திங்கள். கன்ரன்

வந்து சேர்ந்துவிட்டோம்.

ஹொங்கொங் எயார்போட் கவுன்ரரில் ஒரு சின்னப் பெண் எங்கள் பாஸ்போட்டுகளைப் புரட்டி, முத்திரை குத்தித் தள்ளினாள். இவர் அங்கேயே நின்றார். பின்னால் நின்றவர் இருமினார். நான்தான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"ஒண்டுமே கேக்கேல்லை," என்றார். ரயில் ஏறியும் அதையே சொன்னார்.

பிறகு, வெளியே வயல்கள் போய்க்கொண்டிருக்க, அன்று விமானம் மாறிய இடத்தில், அந்த அறையில் நடந்ததைச் சொன்னார். இங்கே எழுதமாட்டேன். என்னிடம் சொன்னார், அது போதும். சொல்லி முடித்து, மிஸிஸ் சான் கொடுத்த பிஸ்கட் முழுவதையும் தின்று தீர்த்தார்.

நவம்பர் 17, வியாழன்

எழும்பிப் பார்த்தால் கட்டிலில் இவரைக் காணவில்லை. கீழேயும் இல்லை. மிஸிஸ் சானோ அக்கா வீட்டில். ஹோட்டல் படியில் நின்றேன். முன்னால் சைக்கிள்கள் ஆறுபோல ஓடிக்கொண்டிருந்தன, அதில் ஒரு முகமும் இவருடையதில்லை. இந்த மனுசன் எங்க போட்டுது?

வெயில் ஏறிய பிறகு ஒரு பை தோடம்பழத்தோடு வந்தார். நடக்கப் போனவருக்கு வழி தவறிவிட்டதாம். தெருப்பெயர் ஒன்றும் வாசிக்கத் தெரியாமல், கோழி விற்கும் சந்தைக்குள் போய், எப்படியோ ஆற்றைக் கண்டுபிடித்து, அதன் கரையோடு வந்தாராம். ஏசத்தான் நினைத்தேன்.

"பயந்து போனியளோ?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "இல்லை. பயப்பிட நினைவு வரேல்லை."

இன்றைக்குப் பூங்கா என்றுதான் திட்டம். சாப்பிட்டுவிட்டு, தான் போன வழியைக் காட்டுகிறேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பவும் வழி தவறினோம்.