ஞாயிற்றுக்கிழமை வலிக்காத வயிறு

நவம்பர் 14, வெள்ளி, இரவு

அரியலூரில் டாக்டர் அறையில் இருந்தது மூன்று பேர்: டாக்டர், இவர், நான். என் சமையல்தான் இவர் வயிற்றைக் கெடுக்கிறது என்று நினைத்து, நான்கு மாதமாக இவர் சாப்பிட்டதையும் எத்தனை தடவை வெளிக்குப் போனார் என்பதையும் நோட்டில் எழுதி வந்தேன். டாக்டர் அதை வாங்கிப் புரட்டினார்.

"ஏம்மா, ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சு ஆட்டுக்கறி. ஒண்ணுமில்ல. திங்கக்கெழம வெறும் மோர் சோறு, ஆறு தடவ. சாருக்கு என்ன வேல?"

"வாத்தியாருங்க. இப்ப ஹெட்மாஸ்டர் பொறுப்பும் எங்கிட்டதான்."

"டெஸ்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசு பதறுறது வயித்துல தெரியுது. மனநல டாக்டரையும் பாத்துடுங்க."

இவர் எழுந்துவிட்டார். "எனக்கென்ன பைத்தியமா?"

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "ஆபீஸ் ரூம் சாவிய எடுத்தாலே வயிறு பெரட்டுது, மேரி. யார்ட்டயும் சொல்லிடாத."

இந்த நான்கு மாதத்தில் மிளகாயை நிறுத்தினேன், பாலை நிறுத்தினேன். என்ன பயம் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்த மனநல டாக்டரிடம் போவோமா என்று இப்போது கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தூங்கவில்லை, மூச்சிலேயே தெரிகிறது.

மாதாவே, திங்கட்கிழமைக்குள் இவர் வாயிலிருந்து எனக்கு ஒரு பதில் வாங்கிக் கொடு.