கார் இருக்கிற வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தது

வடசேரி
கொல்லம் 1110 புரட்டாசி

சௌபாக்கியவதி ஆவுடைக்கு அம்மா எழுதுவது. சுசீந்திரத்துச் சாமி புண்ணியத்தில் எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்கவேண்டுமென்று விளக்கு முன்னால் சொல்லிக்கொள்ளாத நாளில்லை. மேலே வடசேரி என்று போட்டிருக்கிறதே என்று பதறாதே. தாணம்மாள் சித்தி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், அவள் தலைமாட்டில் இருந்துதான் எழுதுகிறேன். கால் வீங்கிவிட்டது என்று ஆடியிலேயே ஆள் வந்து சொன்னான். கூடப்பிறந்தவளைப் பார்க்கத் தாழக்குடியிலிருந்து நான் புரட்டாசியில் வந்து சேர்ந்தேன் என்றால் யார் நம்புவார்கள். எல்லாம் இந்தக் கார் வந்த வினை.

வில்வண்டியையும் காளைகளையும் கொடுத்துவிட்டு உன் அப்பா கார் வாங்கிய சங்கதி முன்னமே எழுதியிருந்தேன். வண்டி இருந்தவரை மாதம் ஒருதரமாவது தாணத்தைப் பார்த்துவிட்டு வருவேன். கார் வந்தபின் வீட்டு நடையைத் தாண்டவில்லை. நடந்து போகக்கூடாது, அடுத்த வீட்டு வண்டியைக் கேட்கக்கூடாது, பஸ் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. காரை வச்சுக்கிட்டு எம் பொஞ்சாதி பஸ்ஸுல போறாண்ணு ஊரு சிரிக்கதுக்கா என்று கேட்கிறார். சரி, அந்தக் காரிலேயே கூட்டிக்கொண்டு போங்கள் என்றால் இன்றைக்கு நாளைக்கு என்று ஆவணிவரை கடத்தினார், பிறகு அதற்கும் வந்தது ஒரு தடை. ஆவணிக் கடைசியிலிருந்து, ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் காருக்கு அடியிலிருந்து ஒரு கருகல் வாசனை. ஒயர் உரசுகிறது என்றார், பிரேக் பிடிக்கிறது என்றார், எண்ணெய் ஒழுகிச் சூட்டில் விழுகிறது என்றார். நாகர்கோவிலிலிருந்து மெக்கானிக் வந்து முற்றத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தான், அப்போது பார்த்து வாசனையே வரவில்லை. எலுமிச்சம்பழமும் சுற்றிப் போட்டாயிற்று. தீப்பிடித்தால் பொம்பளையை எப்படி இறக்குவது என்று என்னை ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டார். தான் மட்டும் வயல்பக்கம் தினமும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக நடந்து நடந்து இளைத்துப்போனேன்.

எனக்கும் மூக்கு இருக்கிறதல்லவா. அது ரப்பரும் இல்லை எண்ணெயும் இல்லை, வைக்கோல் கருகுகிற வாசனை. இப்போது அறுப்புக் காலம். அடித்த வைக்கோலில் ஒட்டிக்கிடக்கிற நெல்லுக்காக அதை ரோட்டில் விரித்துவிடுகிறார்கள், பஸ்ஸும் வண்டியும் ஏறிப்போனால் மாட்டை விட்டு மிதிக்கிற வேலை மிச்சம். பிள்ளைவாள், மேல ரெண்டு நடை ஏத்தி விடுங்கோ என்று யாராவது சொன்னால் போதும், உன் அப்பாவுக்குத் தலைகால் புரியாது, முன்னும் பின்னும் ஓட்டிக்காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அப்படி ஓட்டின நாளெல்லாம் வாசனை. ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டு அயர்ந்திருக்கையில் பாயை விரித்துக் காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டில் வைக்கோல் புரியாக முறுக்கிச் சுற்றிக் கிடக்கிறது, பக்கத்துப் புகைக்குழாயில் பட்ட இடமெல்லாம் கரி. சூடு ஆறினபிறகு அரிவாளால் அறுத்து அறுத்து இழுத்தேன், ஒரு கடவப்பெட்டி நிறைய வந்தது. உன் அப்பா எழுந்து வந்து பார்த்தார். பூதப்பாண்டிவரை ஓட்டிவிட்டு வந்தார், வாசனை இல்லை.

இனி என்ன தடை என்று நான் சேலையை மாற்றிக்கொண்டு நின்றேன். கரிநாள் என்றார். மறுநாள் டயரில் காற்றுப் போதாது என்றார். அதற்கு மறுநாள் நான் விடவில்லை, அப்போதுதான் உள்ளது வெளியே வந்தது. வழியில நிண்ணு, தள்ளிக்கிட்டுப் போயி எறங்கினா எஞ் சகலப்பாடி ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான் என்றார். அங்கே ஒருத்தி சாகக் கிடக்கிறாள், இவருக்கு உன் சித்தப்பா சிரித்துவிடுவாரே என்று பயம். வாசனையைப் போக்கினால் போகலாம் என்று நம்பி அரிவாளோடு மண்ணில் புரண்டேனே என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மறுநாள் காலையில் அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம், அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கண்டக்டர், காரு ரிப்பேராம்மா என்று கேட்டான். கார் நன்றாகத்தான் இருக்கிறது, ஆள்தான் ரிப்பேர் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தாணம் என்னைக் கண்டு கையைப் பிடித்தவள் விடவில்லை. கை சூம்பிக் குச்சியாகிவிட்டது. அத்தான் காரு வாங்கியாச்சுல்லா, பொறவு ஏங்க்கா வரல்லே என்றுதான் கேட்டாள். கார் வாங்கியதால்தான் வரவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன். நேற்றுச் சாயங்காலம் தெருமுனையில் நம் கார் ஹாரன் கேட்டது. அவளுக்கும் கேட்டுவிட்டது, முகத்தைத் துடைத்துவிடச் சொன்னாள். போய்ப் பார்த்தால் கார் நிற்கிறது, உன் அப்பா இறங்கவில்லை. உன் சித்தப்பா சிரிக்கிற நிலையிலா இருக்கிறார், ராப்பகலாகக் கண்மூடாத மனிதர், அவர் மேல்துண்டு கூட இல்லாமல் கூப்பிட ஓடினார். அவரைக் கண்டதும் கார் திரும்பிப் போய்விட்டது. தாணம் இன்னும் வாசலைப் பார்த்தபடியேதான் கிடக்கிறாள்.

மக்கா, நான் சொல்லி உன் அப்பா கேட்கப்போவதில்லை, உன் சொல்லை மட்டும்தான் இதுவரை தட்டினதில்லை. இந்தக் கடிதம் கப்பலேறி உன் கைக்கு வரவே நாளாகும், ஆகையால் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, அப்பாவுக்கு ஒரு தந்தி அடி. நீளமாக வேண்டாம், சித்தி வீட்டு வாசலில் இறங்கவும் என்று மட்டும் போடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு, குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டினால் ஈரம் போகத் துவட்டு. தீர்க்க சுமங்கலியாக இரு, மனசு போகிற இடத்துக்குக் கால் போகிறவளாகவும் இரு. தந்தியை இன்றைக்கே அடித்துவிடு.

உன் அம்மா
உலகம்மாள்